ஆண் வழுக்கைச் சிகிச்சைகள்: எது காக்கும், எது வளர்க்கும், எதை ஒதுக்கலாம்

ஆண் வழுக்கையில் முடி கொட்டுகிறது என்பது பாதிக் கதைதான். டிஎச்டி என்ற ஹார்மோனின் வேலையால் முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு முறை முளைக்கும் முடியும் முந்தையதைவிட மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகி நிற்கிறது. கண்ணாடியில் தலைத்தோல் தெரிய ஆரம்பிக்கும்போது அங்கே ஏறத்தாழ பாதி அடர்த்தி போயிருக்கும். அதனால் எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது சுருங்குவதைத் தடுக்கிறதா, முளைப்பதைத் தூண்டுகிறதா? இரண்டும் வேறு வேறு வேலை.

தடுப்பதில் முதலிடம் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு. தினம் 1 மி.கி., சாப்பிடுவதற்கு முன்னோ பின்னோ எடுக்கலாம். இரத்தத்தில் டிஎச்டியை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைத்துவிடும். புராஸ்டேட் வீக்கத்துக்கு 1992இல் 5 மி.கி. அளவில் வந்த இந்த மருந்து, 1997இல் அமெரிக்காவில் 1 மி.கி. அளவில் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. உச்சியில் நன்றாக வேலை செய்யும், நெற்றியின் இரு ஓரங்களில் அவ்வளவு இல்லை. மூன்று மாதத்தில் எதுவும் தெரியாது. ஒரு வருடம் போகாமல் பலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நிறுத்தினால் காத்து வைத்தது ஒரு வருடத்துக்குள் போய்விடும்.

பக்கவிளைவுகளை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் பாலுறவுக் குறைபாடு சொன்னவர்கள் 3.8%, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1%. நிறுத்திய பிறகும் அது நீடிப்பதாகச் சொல்பவர்கள் சிலர் உண்டு. 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதிசெய்தது. மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கவே கூடாது. இன்னொன்று, புராஸ்டேட் புற்றுநோயைத் தேட எடுக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை எண்ணை இது பாதியாகக் காட்டும். இதை எடுப்பதாகப் பரிசோதிப்பவரிடம் சொல்லாவிட்டால் புராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறி தவறிப்போகலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது.

டியூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. இன்னும் வலுவானது, டிஎச்டியை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கு அனுமதி உண்டு. ஆனால் உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து வாரம் ஆகும். ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால் இதை இரண்டாவது படியாக வைப்பதுதான் சரி.

முளைப்பைத் தூண்டுவது மினாக்ஸிடில். 5% கரைசலை ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மி.லி. தடவ வேண்டும். அதிகம் பேர் தவறுவது மருந்திலல்ல, தடவும் விதத்தில். துளிக்குழாயை முடிமேல் அழுத்தினால் முடிதான் குடிக்கும், தோலுக்குப் போகாது. உலர்ந்த தலையில் முடி மெலிந்த இடத்தில் நான்கைந்து வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலைத் தொட்டபடி கால் மி.லி.க்குச் சற்றுக் குறைவாக விட்டு, விரல் நுனியால் பரப்பிவிட்டுக் கை கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவினால் தலையணை வழியாக முகத்தில் ஒட்டிக் கன்னத்தில் முடி முளைக்காது. அளவை இரட்டிப்பாக்கினால் முடி இரட்டிப்பாகாது, படபடப்புதான் வரும்.

அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் காரணம் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறிப் பாருங்கள். நுரை விரல் சூட்டில் உடனே உருகும் என்பதால் கையைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. சிறிதளவு நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி கொத்தாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடிகளைப் புதிய முளை தள்ளுவதால் வருவது இது. பயந்து இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாத நேரமும் இதுவே. ஒன்றை மட்டும் எடுப்பதைவிட ஃபினாஸ்டரைடும் மினாக்ஸிடிலும் சேர்ந்தால் பலன் தெளிவாக அதிகம்.

குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரையும் இப்போது பரவலாகத் தரப்படுகிறது. தடவும் தொல்லை இல்லை, ஆனால் உடம்பெங்கும் முடி வளரும், கணுக்கால் வீங்கலாம். அடிப்படையில் இது இரத்த அழுத்த மருந்து. இதய நோயாளிகள் தாமாகத் தொடவே கூடாது.

தலைத்தோலில் உருட்டும் நுண்ணூசி உருளை மினாக்ஸிடிலோடு சேரும்போது கூடுதல் பலன் தருகிறது. உருட்டிய அன்று மட்டும் மருந்து தடவாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துத் தலைத்தோலில் போடும் பிஆர்பி ஊசிக்கு இடத்துக்கு இடம் முறை மாறுகிறது, விலையோ அதிகம். இரண்டு மருந்துகளையும் ஒரு வருடம் முயலாமல் அதற்குப் போவதில் அர்த்தமில்லை. லேசர் தொப்பி தீங்கற்றது, பலன் சுமார். பயோட்டின் என்ற வைட்டமின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை வீண். தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யவும் கூடும்.

முடி நடவு கடைசிப் படி. பிடரி முடிக்கு டிஎச்டியால் அவ்வளவு பாதிப்பு இல்லை, இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் அதனோடு வரும். ஆனால் பிடரி ஒரு வற்றும் கிணறு. எடுத்த இடத்தில் மறுபடி ஊறாது. 22 வயதில் நெற்றிக் கோட்டைத் தாழ்த்தி நட்டுக்கொண்டால், பின்னால் இருக்கும் சொந்த முடி வருடா வருடம் விலகி, நட்ட வரிசை மட்டும் தீவாக நிற்கும். அதைச் சரிசெய்யப் பிடரியில் மிச்சம் இருக்காது. ஆலோசனைக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள்: எத்தனை கிராஃப்ட் (முடியோடு பெயர்த்து நடும் சிறு தோல் துணுக்கு), துளையிட்டு எடுப்பது மருத்துவரா உதவியாளரா, வருங்காலத்துக்குப் பிடரியில் எவ்வளவு மிஞ்சும். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம். நடாத முடியைக் காக்க மாத்திரை அதன் பிறகும் தொடர வேண்டும்.