படிப்பகத்துக்கு எது: விகடனா, காலச்சுவடா?

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பிள்ளைகள் கைக்காசு போட்டு நடத்தும் படிப்பகங்களில் தினசரிகள் போக ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதே பெரிய பாடு. அந்த ஒன்று எது என்று பேச்சு வந்தால் பெரியவர்கள் ஆனந்த விகடன் என்பார்கள். நான் காலச்சுவடு என்பேன்.

விகடன் மீதான மரியாதை சும்மா வந்ததில்லை. 1926இல் தொடங்கி, 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த பத்திரிகை அது. குடிசைவாசிகளின் வாழ்க்கையை எழுதிய ஜெயகாந்தனை நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்துக்குள் கூட்டிப்போனது. 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவரோ விடாமல் வழக்கு நடத்தி ஜெயித்தார். 2025இல் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோதும் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். இந்த முதுகெலும்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் வாராவாரம் வரும் இதழில் பாதிக்கு மேல் சினிமாவும் அரசியல் பரபரப்பும். அடுத்த இதழ் வந்ததும் முந்தையதை யாரும் தொடுவதில்லை. தெருமுனை சலூனிலேயே அதைப் படித்துவிடலாம்.

காலச்சுவடுக்கு நேர்மாறான பெயர்: கடினம், மேட்டிமை, வம்புக்கு இழுக்கும் இதழ். 1988இல் நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி காலாண்டிதழாகத் தொடங்கியது. இடையில் நின்று, 1994இல் அவர் மகன் கண்ணன் பொறுப்பில் மறுபடி வந்து, பிறகு மாத இதழானது. வம்பு என்கிறார்களே, அதுதான் எனக்கு வேண்டும். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு வந்த எதிர்ப்பால் எழுத்தாளர் பெருமாள்முருகன் இனி எழுதமாட்டேன் என்று 2015இல் அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாரே, அந்த நாவல் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடு. 2016இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகு அவர் எழுத்து அதே பதிப்பகத்தில் தொடர்ந்து வந்தது. சாதி, மொழி, கருத்துரிமை பற்றி நீண்ட கட்டுரைகளை மாதாமாதம் போடும் இதழ் நம் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருப்பது அநியாயம். போட்டித் தேர்வுக்காக நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு எட்டுப் பக்கக் கட்டுரை கனமா என்ன? அவர்களால் முடியாது என்று நாமே முடிவுகட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கவிதை, சிறுகதை எழுதத் துடிக்கும் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கணையாழியை யோசிக்கலாம். 1965இல் டெல்லியில் கஸ்தூரிரங்கன் தொடங்கிய அந்த இதழ் புதிதாக எழுதுகிறவர்களுக்கு இடம் கொடுத்தே பெயர் வாங்கியது.

காலச்சுவடு வந்தால் பழைய இதழை எடைக்குப் போடாதீர்கள். ஆறு ஆறாகத் தைத்து அலமாரியில் வையுங்கள்.