பாரிஷா, டிஸ்ட்ரிக்டா? இங்கிலாந்தில் கவுன்சிலர் ஆக இரண்டு வழிகள்

நான் பாரிஷ் கவுன்சிலர்; அதாவது ஊர் அளவிலான சிறு மன்றத்தின் உறுப்பினர். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கவுன்சிலர் ஆக நினைக்கும் நம்மவர்கள் பலர், பல ஊர்களுக்கும் பொதுவான பெரிய மன்றமான டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலைத்தான் யோசிக்கிறார்கள். பாரிஷ் என்றால் சர்ச் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் 1894-ஆம் ஆண்டுச் சட்டமே கிராம நிர்வாகத்தைச் சர்ச்சிடமிருந்து பிரித்துவிட்டது.

தகுதியில் பெரிய வித்தியாசம் இல்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. நாம் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், ஐஎல்ஆர் (காலவரம்பின்றித் தங்கும் அனுமதி) இருந்தால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடும் நிற்கலாம். டெபாசிட் இரண்டுக்கும் கிடையாது. பாரிஷுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: எல்லைக்கு வெளியே மூன்று மைலுக்குள் ஒரு வருடம் குடியிருந்தவரும் நிற்கலாம்.

அதிகாரம் டிஸ்ட்ரிக்டிடம்தான், சந்தேகமே இல்லை. கட்டட அனுமதி, குப்பை எடுப்பது, வீட்டுவசதி எல்லாம் அங்கே. எங்களிடம் இருப்பது விளையாட்டுத் திடல், அலாட்மென்ட் தோட்டம் (ஊர்க்காரர்கள் பயிர் செய்ய வாடகைக்கு விடும் நிலத்துண்டுகள்), பஸ் நிழற்குடை. ஊருக்குள் புது வீடுகள் வரும்போது கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. நாங்கள் ஒருமனதாக எதிர்த்த திட்டம் ஒன்று அப்படியே நிறைவேறியது. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஏன் பாரிஷ்? நேரம்.

சட்டப்படி பாரிஷ் கவுன்சில் வருடத்துக்கு நான்கு முறை கூடினால் போதும். நாங்கள் மாதம் ஒரு முறை, இரவு ஏழரைக்கு, ஊர்க் கூடத்தில் கூடுகிறோம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நடந்தே போய்விடலாம். நிகழ்ச்சி நிரல் மூன்று முழு நாள் முன்பே வந்துவிடும். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் சம்பளம் வாங்கும் கிளார்க் பொறுப்பு. நாய்க்கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்று நாற்பது நிமிடம் சண்டை போட்டிருக்கிறோம். அப்படியும் பத்து மணிக்குள் வீடு வந்துவிடலாம்.

டிஸ்ட்ரிக்டில் நான் இருந்ததில்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்துபோகும் வார்டு உறுப்பினரைப் பார்த்துச் சொல்கிறேன்: அவருக்குப் பகலில் கமிட்டி, இடம் பார்க்கப் போவது, கட்சிக் கூட்டம், இரவில் எங்களைப் போன்ற கூட்டங்கள். கைப்பையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம். பொதுப்பணிக்கு நியாயமான அளவு விடுப்பை முதலாளி தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் உறுப்பினருக்குப் படி உண்டு, உண்மைதான். முழுநேர வேலையில் இழக்கும் மணிநேரங்களை அது ஈடுகட்டுமா என்பது அவரவர் கணக்கு. எனக்கு ஒத்துவரவில்லை. பாரிஷ் கவுன்சிலர்களான எங்களில் பெரும்பாலோருக்குப் படியே கிடையாது. கோ-ஆப்ட் ஆகி, அதாவது தேர்தல் இல்லாமல் மன்றமே சேர்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு அடிப்படைப் படி தரவே விதியில் இடமில்லை.

கையில் காசே இல்லாத மன்றம் என்றும் நினைக்க வேண்டாம். கவுன்சில் டாக்ஸோடு வசூலாகும் பிரீசெப்ட், அதாவது பாரிஷின் பங்கு, எவ்வளவு என்பதை நாங்களே முடிவு செய்கிறோம். சிஐஎல் என்ற உள்கட்டமைப்பு வரி உள்ள பகுதியில், ஊருக்கான வளர்ச்சித் திட்டம் வாக்கெடுப்பில் நிறைவேறி நடைமுறைக்கு வந்திருந்தால், புதுக் கட்டடங்களிலிருந்து கிடைக்கும் அந்தத் தொகையில் 25 சதவீதம் பாரிஷுக்கு. இல்லாவிட்டால் 15.

இன்னொன்று: கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் டிஸ்ட்ரிக்ட்களையே கலைத்து ஒரே மன்றமாக்க அரசின் 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது. நிற்க நினைக்கும் மன்றம் நான்கு வருடம் இருக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாரிஷில் நுழைய எளிய வழி, இடையில் காலியாகும் இடம். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால், மன்றமே ஒருவரை கோ-ஆப்ட் செய்துகொள்ளும். நான் கொடுத்தது ஒரு பக்கக் கடிதம்தான். போட்டிக்கு யாருமே வரவில்லை.