நான் அசந்தாலும் அசராதவை: பிட்வார்டன், யூபிளாக் ஆரிஜின், கார்டு சுவிட்ச்

ஆன்லைனில் வாங்கும்போது கவனமாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நள்ளிரவில் தள்ளுபடி முடியப்போகும் நேரத்தில் யாருக்கு அந்தக் கவனம் இருக்கும்? அதனால் நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் வேலை செய்யும் ஏற்பாடுகளைத்தான் சில வருடங்களாக வைத்திருக்கிறேன்.

முதலில் பிட்வார்டன், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் செயலி. இலவசக் கணக்கே எனக்குப் போதும். பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை விட, அவற்றைத் தளத்தின் முகவரியோடு சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். போலித் தளத்தில் லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். கண் ஏமாந்துவிடும். பிட்வார்டன் முகவரியைத்தான் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டை எடுத்து நீட்டாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால் நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்பிப் பயனில்லை. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாது, என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை, அதற்கான சான்றிதழ் மோசடிக்காரருக்கும் இலவசமாகக் கிடைக்கும். குரோமே 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது.

குறையும் உண்டு. சில வங்கிச் செயலிகள் தானாக நிரப்ப விடுவதில்லை. காப்பி செய்து ஒட்டினால் முகவரியைச் சரிபார்க்கும் பாதுகாப்பு போய்விடும். வங்கித் தளமென்றால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்கிறேன். 2025 அக்டோபர் இறுதிக்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பிட்வார்டனையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்தக் கம்பெனிக்காரர்களாலும் மீட்டுத் தர முடியாது. அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். பீரோவை உடைத்துப் பாஸ்வேர்டு திருடுகிற ஆளை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

அடுத்து விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். அதை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் போட்டிருக்கிறேன், ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் போலி எண்கள் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. எப்போதாவது ஒரு கடையின் பேமென்ட் பக்கம் திறக்காது. அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

அப்புறம் கார்டு சுவிட்ச். இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நாமே திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும் என்று 2020இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, வங்கிச் செயலியிலேயே இருக்கும். வாங்கும்போது திறப்பேன், முடிந்ததும் மூடிவிடுவேன். வெளிநாட்டுப் பரிவர்த்தனை எப்போதும் மூடியே இருக்கும், ஏனென்றால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும். மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் இம்சைதான்.

போனில் பேசியே ஓடிபியை வாங்கிவிடுகிறவர்களிடம் இவை எதுவும் செல்லாது. பணம் போனால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சொல்ல வேண்டும். வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் நம் நஷ்டம்தான்.