பின்னல் மேற்பாக ஷூ: வெயிலுக்கு ஏற்றது, வேலி முள்ளுக்கு அல்ல

திருப்பூர்க் கடையொன்றில் வாங்கிய இந்த ஷூவின் மேற்பாகம் துணியை வெட்டித் தைத்ததன்று; தட்டைப் பின்னல் இயந்திரத்தில் பாலியஸ்டர் நூலால், வேண்டிய வடிவத்திலேயே ஒரே துண்டாகப் பின்னி எடுக்கப்பட்டது. 2012-இல் நைக்கின் ஃப்ளைநிட், அடிடாஸின் பிரைம்நிட் ஆகிய பின்னல் ஷூக்கள் பரவலாக்கிய இம்முறையில் வெட்டுக்கழிவும் தையல் வேலையும் வெகுவாகக் குறைகின்றன. பனியன் துணிக்கான வட்டப் பின்னல் இயந்திரங்களையே பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு, கணினி ஊசிகளைத் தேர்ந்தெடுத்து இயக்கி, ஒரே துண்டுக்குள் இறுக்கத்தையும் நெகிழ்வையும் இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போவது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அந்த மாற்றம் கையில் எடுத்தாலே தெரிகிறது. விரல்களுக்கு மேலே கண்ணிகள் அகன்றிருப்பதால், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது. கயிறு கோக்கும் துளைகளைச் சுற்றிலுமோ, சூட்டில் உருகி ஒட்டும் நூலைச் சேர்த்திருப்பதால் பின்னல் அட்டைபோல் விறைத்து நிற்கிறது. சித்திரை வெயிலில் நடந்தும் பாதம் புழுங்கவில்லை. எடையும் காலில் உறுத்தவில்லை.

குறை சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கிறது. நடக்கும்போது மடங்கித் தேயும் அவ்விடத்தில் டிபியூ (TPU) எனப்படும் நெகிழ்வான பிளாஸ்டிக் படலம் ஒட்டி வலுவூட்டாததால், நூல் பிசிறத் தொடங்கிவிட்டது. வேலி முள் பட்டால் கண்ணி இழுபடுகிறது. தார்ச்சாலை நடைக்குத் தாராளமாக வாங்கலாம். காடு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தோல் ஷூவே மேல். அழுக்கானால் வெந்நீரில் போடாமல் கையால் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்; அதிகச் சூட்டில் உருகுநூல் இளகினால் வடிவம் கெட்டுவிடும்.