சுங்கை சிப்புட்டில் வாங்கிய பாதுகாப்புத் தலைக்கவசம்: தோட்ட வேலைக்கு ஏற்றதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் இரும்புக் கடையொன்றில் 38 வெள்ளிக்கு வாங்கிய இந்த மஞ்சள் தலைக்கவசத்தை, செம்பனைக் குலை வெட்டும் வேலையில் அணிந்து பார்த்த பிறகே எழுதுகிறேன். உட்புறத்தில் தரச்சான்று வழங்கும் சிரிம் அமைப்பின் முத்திரையும், எம்எஸ் 183 என்ற மலேசியத் தர எண்ணும் தெளிவாக உள்ளன; இவை இல்லாத மலிவுச் சரக்கை வாங்கவே கூடாது.

குலை வெட்டுபவர் நாள் முழுவதும் அண்ணாந்து பார்ப்பதால் தாடைப்பட்டை இல்லாத கவசம் பின்னால் சரிந்து விழுந்துவிடும். இதில் தாடைப்பட்டை உறுதியாக இருக்கிறது. பின்புறத் திருகைச் சற்றுத் திருப்பினால், குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும்போதும் கவசம் அசைவதில்லை. 20 கிலோ குலை நேராக விழுந்தால் எந்தக் கவசத்தையும் நம்ப முடியாது, விலகி நிற்பதே பாதுகாப்பு. மட்டைத் துண்டும் உதிரிப் பழமும் விழும்போது, ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் இடையே உள்பட்டை காக்கும் இடைவெளிதான் அடியைத் தாங்குகிறது. அந்த இடைவெளியில் கையுறையோ சிகரெட் பெட்டியோ செருகும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

குறை, நெற்றிப்பட்டை. வியர்வையில் விரைவில் நாறுகிறது, மாற்றுப் பட்டையும் அந்தக் கடையில் இல்லை.

மிதமான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பலத்த அடி பட்டிருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். தொழிலாளர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, சட்டம் கட்டாயமாக்கியுள்ள பாதுகாப்புச் சாதனத்துக்கு முதலாளி சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது.