இரைச்சலைத் துடைத்த பதிப்பும் துடைக்காத பதிப்பும்

சென்ற மாதம் என் ஆம்ப்ளிஃபயர் பழுது நீங்கி வீடு திரும்பியது. ஒலி அளவுக் குமிழைக் குறைத்து வைத்தால் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், குமிழைத் தொட்டால் கரகரக்கும். இந்தக் கோளாறோடு மூன்று ஆண்டுகள் காலம் தள்ளியிருக்கிறேன். பழுது பார்த்த கூலி, நான் இங்கே எழுதப்போகும் குறுவட்டுப் பெட்டியின் விலையைப்போல இருமடங்கு ஆயிற்று. அதே வாரத்தில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "வான் வில்லியம்ஸ் சிம்ஃபொனிகளில் ஒரே ஒரு தொகுப்பு வாங்குவதானால் எதை வாங்கலாம்? பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுபவர் நீங்கள்தானே!" என்று கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதில் குழப்பமானது. இங்கே எழுதுவதும் அதைவிடத் தெளிவாக அமையும் என்று உறுதி கூற இயலவில்லை.

அச்சில் ரால்ஃப் என்றும் வாய்மொழியில் ரேஃப் என்றும் வழங்கிய ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் ஒன்பது சிம்ஃபொனிகளில் முதல் எட்டையும், இசைக்குழு நடத்துநர் ஏட்ரியன் போல்ட் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு 1952 முதல் 1956 வரை டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக, பெரும்பாலும் மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில், பதிவு செய்தார். என்னிடம் இருப்பது அந்தப் பதிவுகள்தாம், ஆனால் இரண்டு பிரதிகளாக. ஒன்று, பழைய பொருள் விற்கும் கடையில் உதிரி உதிரியாகச் சேர்த்த முந்தைய குறுவட்டுகள். மற்றொன்று, சில ஆண்டுகளுக்கு முன் விலை குறைந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய 'தூய்மைப்படுத்தப்பட்ட' மறுபதிப்பு. பிரிட்டனில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் இவற்றை யார் வேண்டுமானாலும் மீண்டும் வெளியிடலாம். அப்படி வெளியிட்டவர்களுள் ஒருவர் செய்தது இது என்பதற்கு மேல் பெயர் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

என் எரிச்சல் முழுவதும் ஆறாம் சிம்ஃபொனியின் நான்காம் பகுதியைச் சுற்றியே இருக்கிறது. 1948 ஏப்ரலில் போல்ட் இதை முதன்முதலில் அரங்கேற்றியபோது இசையமைப்பாளருக்கு வயது 75. அடுத்த இரண்டு ஆண்டுகளைச் சற்றே தாண்டுவதற்குள் அது நூறு முறை வாசிக்கப்பட்டது. முதல் பகுதி முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே மூச்சில் சரிந்து விழுவதுபோலத் தொடங்கும். இரண்டாம் பகுதியில் ட்ரம்பெட்டும் முரசும் மூன்று தட்டுகளை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் டெனர் சாக்ஸஃபோன் ஒன்று கேலி பேசும். பகுதிகளுக்கு இடையே நிறுத்தம் இல்லை. மூன்றாம் பகுதியின் ஆரவாரம் அடங்கி ஒரே ஒரு பாஸ் கிளாரினெட் மிஞ்சி நிற்க, அந்தச் சுரத்தின் மீதே எபிலாக் என்னும் இறுதிப் பகுதி ஊர்ந்து வருகிறது. அங்கிருந்து பத்து நிமிடங்களுக்கும் மேலாக எல்லாமே பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மெல்லிய ஒலிதான். ஒலி உயரும் இடம் என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் தந்திக் கருவிகள் ஈ-ஃப்ளாட் மேஜர், ஈ மைனர் என்னும் இரண்டு சுரக்கூட்டுகளுக்கு இடையே போய்ப் போய் வந்து, எதில் நிற்பது என்று தீர்மானிக்காமலே மறைந்துவிடுகின்றன. நாட்டுப்பாடல்களைத் தேடி எண்ணூறுக்கும் மேல் திரட்டியவர், ஆங்கிலத் தேவாலயத்துக்கான பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தவர் என்ற காரணங்களால் 'தேசிய இசையமைப்பாளர்' என்ற பட்டத்தோடு அவரை நெருங்குபவர்கள், பசும்புல் மேடும் ஆட்டு மந்தையும் எதிர்பார்த்து வந்து இந்த இடத்தில் திகைத்துப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கச்சேரி அரங்கில் இந்தப் பியானிஸ்ஸிமோ ஓர் அற்புதம். வீட்டில் அது ஒரு தொல்லை. முதல் பகுதிக்கு ஏற்ற அளவில் குமிழை வைத்தால் எபிலாக் காதில் விழாது. எபிலாக்குக்கு ஏற்ப வைத்தால் முதல் பகுதிக்கே மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். என் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக மாறி மாறி இயங்கும் நேரம், இந்தப் பகுதியின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. மூன்றாம் பகுதி ஓடும்போதே மோட்டார் நிற்கிறதா என்று காது கொடுத்துக் காத்திருந்து, நின்றதும் நிம்மதியடைந்து, ஓபோ தனியாக எழும் இடத்தை நெருங்குகையில் அது மீண்டும் உறுமத் தொடங்க, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த இரவுகள் ஏராளம். பழைய எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டுக் காலத்தை நினைத்துத்தான் மனத்தைத் தேற்றிக்கொள்வேன். போல்ட் இதே படைப்பை 1949-இல் லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவோடு பதிவு செய்தபோது, ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் என்று தட்டைத் திருப்பித் திருப்பித்தான் கேட்டிருப்பார்கள். ஊசியின் பொரிவு வயலினைவிட உரக்கக் கேட்டிருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத இன்பம், டெக்காவின் பழைய குறுவட்டில் இருக்கும் நாடா இரைச்சல். 'ஸ்ஸ்ஸ்' என்று மெலிதாக, தொலைவில் சாரல் விழுவதைப்போல அது தொடர்ந்து ஓடுகிறது. முதல் ஆண்டு அதைக் குறையாகவே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இசை எவ்வளவு தாழ்ந்தாலும் அது நிற்கவில்லை என்று காதுக்குச் சொல்வதே அந்த இரைச்சல்தான். குளிர்பதனப் பெட்டியின் உறுமலைப் பாதி மறைப்பதும் அதுதான். வயலின்களில் ஒலி தணிப்பானை மாட்டிக்கொண்டு வில்லின் ஓரத்தால் உரசும்போது எழும் மூச்சு போன்ற ஒலி, இந்த இரைச்சலோடு கலந்து, எங்கே நாடா முடிகிறது, எங்கே தந்தி தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும்.

பழுது நீங்கிய பிறகு, குமிழைத் தாழ்த்தி வைத்தும் இரு பக்கமும் ஒலிக்கத் தொடங்கியதால், அதற்கும் கீழே இன்னொன்று கேட்டது. இந்தப் பதிவு நடந்த கிங்ஸ்வே ஹால், லண்டனின் ஹோபர்ன் பகுதியில் மெத்தடிஸ்ட் திருச்சபைக்குச் சொந்தமாக இருந்த கட்டடம். ஒலி நயத்துக்காக உலகப் புகழ் பெற்ற அந்த அரங்கின் அடியில் பிக்காடில்லி தடத்தின் சுரங்க ரயில் ஓடியது. அங்கே எடுத்த பல பதிவுகளில் ரயிலின் உறுமல் ஏறிவிட்டதை ஒலிப்பதிவுத் துறையினர் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எபிலாக்கின் நடுவில், டபுள் பாஸ்களுக்கும் கீழே, காதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிகம் உணரும்படி ஏதோ ஒன்று உருண்டு போகிறது. ரயில்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு அது ரயில்தான். 1953-ஆம் ஆண்டின் இறுதியில், 81 வயதான இசையமைப்பாளர் அதே அரங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கையில், யாரோ சிலர் அலுவலகம் விட்டு அவருக்குக் கீழே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்ற நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை. அந்தக் கட்டடத்தையும் 1998-இல் இடித்து, இப்போது அங்கே ஒரு தங்கும் விடுதி நிற்கிறது.

தூய்மைப்படுத்திய பதிப்பில் இவை எதுவும் இல்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருள், இசை இல்லாத ஓரிடத்தில் இரைச்சலின் சாயலைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது. உரத்த இடங்களில் இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் இசையும் இரைச்சலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் இடத்தில், எதைக் கழிப்பது என்று அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? வில்லின் மூச்சும் சேர்ந்தே போய்விட, எஞ்சிய வயலின்கள் தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோல் களகளக்கின்றன. ரயிலை விரட்ட அடி அதிர்வுகளையும் வெட்டியிருக்கிறார்கள். டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். ரயில் உறுமுவதும் அதன் அண்டையில்தான். ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் வெட்டுப்படும். போதாக்குறைக்கு, பதிவின் முடிவில் இசையமைப்பாளர் வாசித்தவர்களுக்கு நன்றி சொல்லும் சிறு பேச்சையும் காணோம். எண்பத்தொரு வயது மனிதரின் குரலைவிட இரண்டு நிமிட வெற்றிடம் மேல் என்று யார் முடிவு செய்தார்களோ, அவர்களை நேரில் கண்டால் மரியாதையாகப் பேசுவேன் என்று சொல்ல முடியாது.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நான்காம் சிம்ஃபொனி இந்த மறுபதிப்பில் நன்றாகவே இருக்கிறது; அதன் தொடக்கத்தில் அரைச்சுர இடைவெளியில் மோதிக்கொள்ளும் ஒலிகள் இதில் கூர்மையாகக் கேட்கின்றன. ஆனாலும் இசையமைப்பாளரே 1937-இல் பி.பி.சி. இசைக்குழுவை நடத்திப் பதிவு செய்ததன் மூர்க்கத்துக்கு முன்னால் போல்ட் சாதுவாகத்தான் தெரிவார். ஏழாவதான 'சின்ஃபொனியா அண்டார்ட்டிக்கா'வில் நடிகர் ஜான் கில்குட் மேற்கோள்களை வாசிக்கும் குரல் தெளிவாக விழுகிறது. இசைக்கு நடுவே அவர் வாசிக்கத்தான் வேண்டுமா என்பது வேறு வழக்கு.

மூன்றாவதான 'பாஸ்டரல்' சிம்ஃபொனியில்தான் மீண்டும் கோபம் வருகிறது. முதல் உலகப்போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் வண்டியோடு பணிபுரிந்தபோது, பயிற்சி செய்துகொண்டிருந்த ஊதுகொம்புக்காரர் ஒருவர் எட்டாம் சுரத்துக்குப் பதிலாக ஏழாம் சுரத்தில் விழுந்ததைக் கேட்ட வான் வில்லியம்ஸ், அந்தத் தவற்றையே இரண்டாம் பகுதியின் ட்ரம்பெட் தனிப்பாடலாக்கினார். இறுதிப் பகுதி, சொற்களற்ற ஒரு பெண் குரல் தொலைவில் எழுவதில் தொடங்குகிறது. பழைய குறுவட்டில் மார்கரெட் ரிச்சியின் குரலுக்கும் எனக்கும் இடையே ஓர் அரங்கு அளவுக்குக் காற்று இருக்கிறது. புதியதில் அந்தக் காற்றை உறிஞ்சிவிட்டதால், அவர் பக்கத்து அறையில் நின்று பாடுகிறார். ஒரு சிப்பாயின் பிழையை எடுத்து இசையாக்கிய மனிதரின் பதிவிலிருந்து ஒரு ரயிலைக்கூட விட்டுவைக்காமல் துடைத்திருக்கிறார்களே!

ஒன்பதாவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது இந்த டெக்கா வரிசையைச் சேர்ந்ததன்று. போல்ட் அதை எவரெஸ்ட் என்னும் வேறொரு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பதிவுக்குக் குறித்த நாள் 1958 ஆகஸ்ட் 26. அன்று விடிவதற்குள் இசையமைப்பாளர் இறந்துவிட்டார். போல்ட் இதைத் தம் குரலில் சில வாக்கியங்களாகச் சொல்லிவிட்டு நடத்தத் தொடங்குகிறார். அந்தப் பேச்சோடு கிடைக்கும் பிரதியை மட்டுமே வாங்குங்கள்.

இவ்வளவு திட்டியும், கைபேசியில் நான் ஏற்றி வைத்திருப்பது அந்தத் தூய்மைப் பதிப்பைத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிக்காடில்லி தடத்தில் ஹோபர்னைக் கடக்கும்போது கேட்க அது வசதியாக இருக்கிறது, வெட்டியெடுத்த ரயிலை நான் உட்கார்ந்திருக்கும் வண்டியே திருப்பித் தந்துவிடுவதால்.

நண்பருக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான்: இரண்டு மோனோவும் வேண்டாம். போல்ட் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்காக மீண்டும் எடுத்த ஸ்டீரியோ வரிசையை வாங்குங்கள். நியூ ஃபில்ஹார்மோனியாவோடு அவர் 1967-இல் செய்த ஆறாவது நேர்த்தியானது, அகலமானது, எந்தக் குறையும் சொல்ல முடியாதது. நான் அதை ஆண்டுக்கு ஒருமுறைகூட எடுப்பதில்லை. ஓராண்டு கழித்தும் எபிலாக் உங்களை விடவில்லை என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், பழைய குறுவட்டைப் போட்டுக் காட்டுகிறேன். குளிர்பதனப் பெட்டியை அணைக்க வேண்டிய தேவை இருக்காது.