ஜனவரியா, புரட்டாசியா, ஒரு மண்டலமா? பாலை விட்டுப் பார்க்க நெல்லைக்காரருக்கு ஏற்ற காலம் எது

"ஒரு மாசம் கறி சாப்பிடப் போறதில்ல" என்று நம்மூரில் சொன்னால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். புரட்டாசி, ஐயப்பன் மாலை, குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் விரதம், திருச்செந்தூர் கந்த சஷ்டி, கிறிஸ்தவர் வீடுகளில் லெந்து நாட்கள் என்று வருஷத்தில் பாதி நாள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். ஆனால் பாலும் வேண்டாம், மோரும் வேண்டாம், நெய்யும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது அம்மா கேட்டது இதுதான்: "மோரும் ஊத்தப்படாதுன்னா அப்புறம் எதுக்குல சோறு வடிக்க?"

வீகன் உணவு என்றால் அதுதான். முட்டை, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. 1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து இதற்கென ஒரு சங்கம் வைத்து இந்தப் பெயரையும் சூட்டினார்கள். நம் ஊர்ச் சைவம் வேறு ரகம். பரம்பரைச் சைவ வீடுகளில் மீன் வாடையே ஆகாது, ஆனால் நெய் இல்லாமல் இலை போட மாட்டார்கள். அதனால் இங்கே இதைக் கொஞ்ச நாள் முயன்று பார்க்க நினைப்பவருக்குக் கறியை விடுவது ஒரு பொருட்டே இல்லை. பாலை விடுவதுதான் பாடு. எந்த மாதத்தில் விடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பாடு பாதியாகும், அல்லது இரண்டு மடங்காகும். நான் இரண்டு முறை முயன்றிருக்கிறேன், ஒன்று தோற்றது. மதினி ஒரு மண்டலம் இருந்து முடித்தாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஜனவரி

உலகம் முழுக்கப் பிரபலமானது ஜனவரி மாதத்து 31 நாள். வீகனுவரி என்ற பெயரில் 2014ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. அவர்களுக்கு அது பொருத்தமான மாதம்தான். கிறிஸ்துமஸ் விருந்தெல்லாம் முடிந்து, வயிறு கனத்து, புது வருஷத்துக்கு ஏதாவது சபதம் எடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிற நேரம்.

நமக்கு ஜனவரி என்ன? முதல் பாதி மார்கழி. விடிவதற்குள் கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல் கொடுப்பார்கள், கையில் வாங்கினால் தொன்னைக்கு அடியில் நெய் கசியும். பதினைந்தாம் தேதி வாக்கில் பொங்கல், பானையில் பால் பொங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த நாள் மாட்டுப் பொங்கல், பல வீடுகளில் கறி. வெளியூரில் இருக்கும் சொந்தமெல்லாம் அந்த வாரம்தான் வீட்டுக்கு வரும். இதைவிட மோசமான மாதத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அது தெரியாமல் ஜனவரி முதல் தேதி ஆரம்பித்தேன். பொங்கலன்று பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலைக்கூட மறுத்துவிட்டேன் ("சாமிக்குப் படைச்சதையா வேண்டாங்க?" என்று அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை). விழுந்தது பதினெட்டாம் நாள். சென்னைக்குத் திரும்பும் சித்தப்பா மகனுக்கு அல்வா வாங்கிக் கொடுக்க டவுனுக்குப் போனேன். நெல்லையப்பர் கோயில் தேரடிப் பக்கம், சாயங்கால வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் நூறு கிராம் வாங்கி அங்கேயே இலையைப் பிரித்தார். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்து மணிக்கணக்கில் கிளறிய அந்தச் சிவப்பு, இலையில் வழுக்கி ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கின இடத்தில் நெய் மட்டும் தனியாகத் தேங்கி நின்றது. அவர் அதை விரலால் வழித்து நக்கினார். அடுத்து நானும் நூறு கிராம் கேட்டேன். அவ்வளவுதான் கதை.

புரட்டாசி

அடுத்த வருஷம் செப்டம்பர் 17 வாக்கில், புரட்டாசி பிறக்கிற அன்றைக்கே ஆரம்பித்தேன். வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்தது.

வீட்டில் ஏற்கெனவே கறி, மீன் நின்றுவிடுகிறது. எனக்காகத் தனிச்சட்டி வைக்க வேண்டியதில்லை. கறிக்கடையில் கூட்டம் இல்லை, பரோட்டாக் கடையில் சைவ சால்னா தனியாகக் கிடைக்கிறது. (பரோட்டா மாவிலேயே முட்டையோ பாலோ சேர்க்கும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும்.) நவராத்திரி பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் வரும். பாளையங்கோட்டையில் அம்மன் சப்பரங்கள் வரிசையாக வரும் நாட்களில் எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் சுண்டல்தான். கொண்டைக்கடலை, தேங்காய்த் துருவல், தாளிப்பு என்று பிறவியிலேயே அது வீகன். சரஸ்வதி பூஜையன்று அவல், பொரி, கடலை. பல நாள் நான் வாயைத் திறந்து எதையும் மறுக்கவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, நம் சமையலே பாதிக்கு மேல் தேங்காயை நம்பி நடக்கிறது. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் மறுவீட்டு விருந்தின் பெரிய சமையல் அது. பாசிப்பருப்பு, உருளை, முருங்கை, பீன்ஸ், கேரட் எல்லாம் தேங்காயின் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வெந்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்கிவிட வேண்டியது, கொதிக்க விட்டால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தாளிப்பில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் முடிந்தது, மாப்பிள்ளைக்கே வித்தியாசம் தெரியாது. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு டோஃபு எங்கே கிடைக்கும் என்று தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அல்வாவுக்கும் ஒரு வழி கிடைத்தது. சாத்தான்குளம் பக்கம் முதலூரில் செய்யும் மஸ்கோத் அல்வாவில் நெய் கிடையாது, தேங்காய்ப்பாலில்தான் கிண்டுவார்கள். பளபளவென்று, பல்லில் ஒட்டாமல், டவுன் அல்வாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். அண்ணனாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குச் சிபாரிசு தேவையில்லை.

புரட்டாசியில் இடறுகிற இடம் டீக்கடை ஒன்றுதான். காலை ஆறரைக்கு மார்க்கெட் பக்கம் வழக்கமாகக் குடிக்கும் கடையில் "பால் இல்லாம ஒரு டீ" என்றேன். மாஸ்டர் பால் சட்டியில் முக்கிய கரண்டியை அப்படியே நிறுத்தினார். "என்ன அண்ணாச்சி, வவுத்துக்குச் சரியில்லையா?" இல்லை என்றேன். "சுகரா?" அதுவும் இல்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்துவிட்டார். மூன்று நாள் இந்த விசாரணை நடந்தது. நான்காம் நாள் நான் சைக்கிளை நிறுத்தும்போதே "அண்ணாச்சிக்கு ஒரு வெறும் டீ" என்று குரல் வந்தது. வீட்டில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பிக்கு மாறிவிட்டேன். நல்ல உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தால் பால் ஊற்றுவதுதான் அதைக் கெடுக்கிற மாதிரித் தோன்றும்.

கண்ணுக்குத் தெரியாத பாலும் உண்டு. மோர்மிளகாய் பெயரிலேயே எச்சரிக்கிறது, ஆனாலும் பழைய சோற்றுக்கு இரண்டைக் கடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓட்டல் பொங்கலிலும் ரவா கேசரியிலும் நெய், பல பிஸ்கட்டுகளில் பால் பவுடர். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம், அது சைவத்துக்கான அடையாளம், பாலும் அதற்குள் அடங்கும். வீகன் பொருளுக்கென்று தனியாகப் பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் இலையும் சேர்ந்த முத்திரை இருக்கிறது, அதற்கான உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள் 2022ல் வந்தன. முத்திரை இல்லாத பாக்கெட்டில் பொருள் பட்டியலுக்குக் கீழே பால் கலந்தது என்று ஒவ்வாமைக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு மண்டலம்

மதினி கொழுப்பைக் குறைக்க இறங்கியவள். "மருந்துன்னா 48 நாள் சாப்பிடுதோம்லா தம்பி, இதையும் அப்படி வச்சுக்கிடுதேன்" என்றாள். சபரிமலைக்கு 41, நாட்டு மருந்துக்கு 48. இந்தக் கணக்கில் ஒரு வசதி, "மண்டலம் இருக்கேன்" என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. "வீகனா இருக்கேன்" என்றால் பந்தியில் பத்துப் பேர் பாடம் எடுப்பார்கள்.

உடம்புக்கு என்ன செய்யும் என்று பார்க்க இந்த நீளம் பொருத்தமானதுதான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே கருவிலிருந்து பிறந்த, அச்சு அசலாக இருக்கும் 22 ஜோடி இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2023 நவம்பரில் வெளிவந்தது. ஒரே மாதிரி உடல்வாகுள்ள ஜோடியில் ஒருவருக்கு வீகன் சாப்பாடு, மற்றவருக்குக் கறியும் சேர்ந்த நல்ல சாப்பாடு, எட்டு வாரம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். வீகன் பக்கத்தில் சராசரியாக 110 சொச்சத்திலிருந்து 95 வாக்கில் இறங்கியது. மற்ற பக்கம் 118லிருந்து 116, அவ்வளவுதான். பெரும்பகுதி முன்னேற்றம் முதல் நான்கு வாரத்திலேயே தெரிந்துவிட்டது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி. ஆக, புரட்டாசி முப்பது நாளே ஓரளவுக்குக் கணக்குச் சொல்லிவிடும். மண்டலம் அதை உறுதி செய்யும்.

மதினிக்கும் குறைந்தது. ஆனால் அவள் அதே சமயம் காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்திருந்தாள், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. எடை மட்டும் அசையவில்லை. முறுக்கும் சீவலும் மிக்சரும் வீகன்தானே! கொழுப்புக்காக இறங்குகிறவர்கள் நம்மூர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது தேங்காய்ப்பாலை. அதில் இருப்பதும் நெய்யில் இருப்பது மாதிரி கெட்ட கொழுப்பை ஏற்றுகிற நிறைகொழுப்புதான். தினமும் சொதி, தினமும் ஆப்பம் என்று போனால் நெய்யில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

நாற்பதாம் நாளுக்கு மேல் அவளுக்கும் சலித்துவிட்டது. நடுவில் இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு. நீளத்தின் குறை அதுதான், 48 நாளில் விசேஷம் குறுக்கே வராமல் இருக்காது.

கந்த சஷ்டியின் ஆறு நாளைப் பிடித்துக்கொண்டு முயலலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆறு நாளில் லேபிள் படிக்கப் பழகலாம், வேறொன்றும் தெரியாது. அதோடு அந்த விரதத்தில் பலர் பாலும் பழமும்தான் சாப்பிடுவார்கள், நமக்கு நேர் எதிர். லெந்து நாட்கள் தேவலை. பாளையங்கோட்டை நண்பன் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி கிடையாது, பதநீரும் நுங்கும் வந்துவிடும் காலம் வேறு. அவர்களுக்கு அதுதான் புரட்டாசி.

பாலுக்குப் பதில்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோயா பால் சூடான காப்பியில் திரிந்து நிற்கும். பாதாம் பால் பாக்கெட் பசும்பாலைப் போல் பல மடங்கு விலை. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் காய்ச்சிய பால் மலிவு, பச்சை வாடை போக நன்றாகக் கொதிக்க வேண்டும். அதில் மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிர் உறைய வைக்கலாம் என்றார்கள். ஒரு தடவை உறைந்தது, ஒரு தடவை ஊசிப்போனது. கடைசியில் தயிர் இல்லாமலே ரசத்தோடு எழுந்துவிடப் பழகிக்கொண்டேன்.

சுண்ணாம்புச் சத்துக்குப் பால் இல்லையே என்பவர்களுக்கு: 100 கிராம் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல். எள் அதையும் தாண்டிவிடும். பி12 விஷயம் மட்டும் வேறு, செடிகொடியில் அது நம்பும்படி கிடைப்பதில்லை. ஈரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும் என்பதால் ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் பிறந்ததிலிருந்தே சைவமாக இருப்பவர்களுக்கு அந்த இருப்பு முன்பே குறைந்திருக்கலாம், மண்டலத்துக்கு மேல் நீட்டுவதாக இருந்தால் பரிசோதித்து மாத்திரை எடுப்பது நல்லது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், சாப்பாடு மாறினால் அளவும் மாறும்.

என் ஓட்டு புரட்டாசிக்கு. கொழுப்புக்காக என்றால் ஐப்பசியில் ஒரு இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளலாம், தீபாவளி பிந்தி வருகிற வருஷமாக இருந்தால், பலகாரம் வருவதற்குள் முடித்துவிடுகிற மாதிரி. ஜனவரியை இங்கிலாந்துக்காரர்களுக்கே விட்டுவிடுவோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பால்காரரிடம் முதல் நாளே என் பங்கைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மூன்று நாள் அரை அரை லிட்டராக பிரிட்ஜில் சேர்ந்தது. நாலாம் நாள் அம்மா மொத்தத்தையும் ஒரு சட்டியில் ஊற்றி, என்னைப் பார்க்காமலே பால்கோவா கிண்ட ஆரம்பித்தாள்.